உம்மாவின் டோஹா டிக்கட்

வாப்பாவை அடக்கிவிட்டு வந்து கால் கழுவியிருந்தேன், அவ்வளவுதான். முற்றத்தில் வாடகைக் கதிரைகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நாவுலயிலிருந்து வந்த மாமா தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"அப்ப மகன், உம்மாட டிக்கட்டுக்கு என்ன செய்யப் போறீங்க?"

உடனே ஆளுக்கொரு யோசனை கிளம்பியது. என் மனைவியை அனுப்பும்படி ஒருவர் சொன்னார். அவளுக்குப் பாஸ்போட்டே கிடையாது. உம்ராவுக்குப் போகிற ஏழை யாருக்காவது கொடுத்தால் வாப்பாவுக்கு நன்மை சேரும் என்றார் இன்னொருவர். அவருக்கு டோஹாவும் மக்காவும் அடுத்தடுத்த பஸ் தரிப்பிடங்கள் போல. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். மையத்து வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆனால் மாமா கேட்டது சும்மா கேள்வி இல்லை. என் ஒரே தங்கச்சி டோஹாவில் இருக்கிறாள். கலியாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமல் தவித்து, இப்போதுதான் நிறைமாதம். பேறுகாலத்துக்கு உம்மா பக்கத்தில் இருப்பதென்று முடிவாகி, விசா வந்து, டிக்கட்டும் எடுத்தாயிற்று. எனக்கு மாத்தளையில் மசாலாச் சரக்குக் கடை. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிக் கொடுக்க மிளகும் ஓமமும் பெருஞ்சீரகமும் நானே பொடித்துப் பொதி கட்டிக் கொடுத்திருந்தேன். "பிளேன்ல காத்து வரல்லன்னு ஜன்னலத் தொறக்கப் பாக்காதீங்க" என்று வாப்பா உம்மாவைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து படுத்தார், பிறகு எழும்பவில்லை.

கணவன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வாசலைத் தாண்டுவதே இல்லை, பிறகு எங்கே கடலைத் தாண்டுவது? அந்தப் பக்கம் தங்கச்சியாலும் வர முடியவில்லை. நிறைமாதக் கர்ப்பிணியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வாப்பாவின் ஜனாஸாவை அவள் போனில் பார்த்தாள். அதையும் முழுதாகப் பார்க்கவில்லை. சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றும் நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது.

இந்தப் பேறாவது அவளுக்கு ஒழுங்காக நடக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. அடுத்த நாள் காலையிலேயே டிக்கட் எடுத்துத் தந்த ஏஜென்சிக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி எங்கள் ஊர்க்காரன், அண்ணன் முறையில் என்னை 'நானா' என்பான்.

"பேரு மாத்த ஏலாது நானா. பஸ் சீட் மாதிரி கைலேஞ்சி போட்டுப் புடிக்கிற சாமான் இல்ல இது."

"தேதிய மாத்த ஏலாதா?"

"மௌத்துன்னா கொஞ்ச நாள் தள்ளித் தருவாங்க. இத்தா முடியும் மட்டும் தர மாட்டாங்க. உம்மாவுக்குச் சொகமில்லன்னு டொக்டர் லெட்டர் ஒண்ணு இருந்தா பேசிப் பாக்கலாம்."

"இத்தான்னா என்னான்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் நானா. கம்பியூட்டருக்குத் தெரியாதே."

டிக்கட்டாவது மிஞ்சட்டும் என்று வீட்டுக்கு ஓடினேன். உம்மா வெள்ளைச் சீலையில் உள்ளறையில் இருந்தார். நான் சொல்லி முடிக்க விடவில்லை.

"எனக்கென்ன நோய் வருத்தம்? நான் நல்லாத்தான் இரிக்கிறேன். வாப்பா கபுருக்குப் போய் ஒரு நாள் ஆகல்ல, அதுக்குள்ள என்னப் பொய் சொல்ல வெக்கிறியா?"

"அப்ப தங்கச்சி தனியாக் கெடந்து பெறட்டும்!"

சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டிருக்கும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மௌலவியைத் தேடிப் போனேன். எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டும், அதுவும் என் பக்கத் தீர்ப்பாக வேண்டும்.

மௌலவி பொறுமைசாலி. நான் கொட்டியதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார். "நிர்ப்பந்தம்னா மார்க்கத்துல வழி இருக்கு. ஆனா இது நிர்ப்பந்தமா, மகளுக்கு வேற ஆருமே இல்லையா? அத நான் சொல்ல ஏலாது. உம்மாவும் மகளும் யோசிச்சிச் சொல்லட்டும்."

எனக்குக் காதில் விழுந்தது 'வழி இருக்கு' என்பது மட்டும்தான். வந்து சொன்னபோது உம்மாவின் முகம் மாறியது. ஒரு கணம் பயணத்துக்குக் கட்டிய பெட்டி இருந்த மூலையைப் பார்த்தார். போக அவருக்கு ஆசை இருந்தது. அதை நான் என் கண்ணால் கண்டேன். பிறகு, "புள்ளைக்கிட்ட கேப்போம்" என்றார்.

டோஹாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மௌலவி சொன்னதைச் சொன்னேன். டிக்கட் அப்படியே இருக்கிறது, நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

"வேணாம்" என்றாள்.

"பைத்தியமா ஒனக்கு? தனியா என்ன செய்வே?"

"இங்க ஆஸ்பத்திரியில நல்லாப் பாக்கிறாங்க. மேல் வீட்டுப் பொம்பள கூட வாறேன்னு சொல்லியிருக்காங்க. எங்கட அவரும் லீவு போடுவார். உம்மா வேணாம் நானா."

"ஏன்னு கேக்கிறேன்!"

"நான்தான் வாப்பாட பக்கத்துல இல்லாமப் போயிட்டேன். உம்மாவும் வந்துட்டா, வாப்பாவுக்குன்னு அந்த வீட்டுல இருக்க ஆரு?"

ஏன், நான் இல்லையா என்று கேட்க வாய் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. கபுரடியிலிருந்து திரும்பியதும் ஏஜென்சி, மௌலவி, போன் என்று அலைந்தேனே தவிர, வாப்பாவுக்காக நான் இன்னும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. குர்ஆனில் ஒரு யாஸீன் அத்தியாயம்கூட முழுதாக ஓதவில்லை. டிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அழாமல் தப்பலாம் என்று எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. நான் அழுதேன். வெட்கமில்லாமல், மனைவியும் வந்தவர்களும் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன்.

"டிக்கட்ட விடு மகன்" என்றார் உம்மா. "இங்க வந்து இரி."

போய் உம்மாவின் பக்கத்தில் இருந்தேன். விமானம் புறப்படும் நாளில் ஏஜென்சித் தம்பி போன் போட்டான், இன்னும் ஏதோ ஒரு வழி இருக்கிறதாம். வேண்டாம் தம்பி, போகட்டும் என்றேன். டிக்கட் போனது போனதுதான்.

தங்கச்சிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் காட்டினாள். வாப்பாவின் நெற்றி, அப்படியே. உம்மா போன் திரையிலேயே ஓதி ஊதினார். சுகம் விசாரித்து, பால் குடிக்கிறாளா, தூங்குகிறாளா என்றெல்லாம் பேசி ஓய்ந்த பிறகு தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள்.

"நானா, வாப்பாட அறையக் கொஞ்சம் காட்டுங்க."

போனைத் தூக்கிக்கொண்டு போனேன். கட்டில், உடுத்தி மடித்து வைத்த சாரம், ஆணியில் தொப்பி. வேறொன்றும் இல்லை. அவள் அழத் தொடங்கினாள். வாப்பா மௌத்தாகி இத்தனை நாளில் அவள் வாய் விட்டு அழுததை நாங்கள் கேட்டதே இல்லை. அங்கே பிள்ளையும் விழித்துக்கொண்டு சேர்ந்து அழுதது. நான் கண்ணைத் துடைக்கப் போனேன், போன் சரிந்து சுவரைக் காட்டியது.

"எடுக்காதீங்க நானா. இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிரிங்க."

போனை நேராக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் இங்கதான் இரிக்கிறேன்" என்றேன். "நீ அழு."