சித்தி சொன்ன நான்கு ஊர்கள்

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய மாமா, தன் டேப் ரெக்கார்டரைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு படியிறங்கிவந்த மாடிவீட்டு மலையாளிச் சேட்டன், பத்து வயதான நான். அமெரிக்காவிலிருந்து சித்தி பேசி அனுப்பிய கேசட்டைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணமாகிப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போன மாதம் சித்தப்பா ஒரு கடிதம் எழுதியிருந்தார். இவள் ஊருக்கு வர வேண்டும் என்கிறாள், காரணம் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள், அவசியம்தான் என்று நீங்கள் நினைத்தால் டிக்கெட் எடுக்கிறேன் என்று. அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர் மாமா. ஆகவே முடிவையும் மாமாதான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார். வந்த அன்றே கேசட்டும் வந்துசேர, அதைக் கேட்டால் அவள் மனசு தெரிந்துவிடும் என்றார்.

கேசட்டுக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பக்கம் சித்தி பேசுவாள். மறுபக்கம் எங்களுக்கு. அதில் நாங்கள் பதில் பேசி அதையே திருப்பி அனுப்புவோம். இந்தக் கேசட்டைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவிலிருந்து வந்து, விடுமுறை முடிந்து மறுநாள் காலை விமானம் ஏறுகிறவர். அன்று காலையில்தான் நினைவு வந்து, பழவங்காடியில் அப்பா கணக்கெழுதும் பாத்திரக்கடையில் கொடுத்திருந்தார். மாலை ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

பட்டனை அழுத்துவது என் வேலை. கரண்ட் போய்விடுமோ, நாடா சிக்கிவிடுமோ, சேட்டன் முன்னால் மானம் போய்விடுமோ என்று எனக்குக் கவலை. இப்படிக் கவலைப்படும் குணம் இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது.

சித்தி அந்தப் பக்கம் முழுக்க ஊர்களைப் பற்றியே பேசினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா காரில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிய சின்னச் சின்ன ஊர்கள். ஒன்றில் ஆற்றின்மேல் கூரைபோட்ட மரப்பாலம். ஒன்றில் சாலையோரம் ஆப்பிளைக் கூடையில் வைத்துவிட்டு ஆளே இருக்கமாட்டார்களாம். பக்கத்திலிருக்கும் டப்பாவில் நாமாகவே காசு போட வேண்டுமாம். இன்னொன்றில் ஒரே தெரு, அதன் நடுவில் ஒரு மணிக்கூண்டு, எதிரே ஒரு நூலகம். பிள்ளைகள் தனியாகப் போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாமாம். நான்காவது அவர்கள் குடியிருக்கும் ஊர். பனி விழுந்தால் அங்கே சத்தமே இருக்காது என்றாள்.

ஊர்ப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இன்றைக்கும் அவற்றை வரைபடத்தில் காட்டத் தெரியாது. நாங்களே பெயர் வைத்து, யாருக்கு எந்த ஊர் என்று பங்குபோட ஆரம்பித்தோம்.

“எனக்கு ஆப்பிள் ஊரு போதும்” என்றார் மாமா. “நம்ம சாலை பஜார்ல இப்படி வச்சா என்ன ஆகும் தெரியுமாட்டி? ஆப்பிளும் போகும், டப்பாவும் போகும், கூடைய வச்சிருந்த பலகையும் போகும்.”

“பலக எடுத்தது தமிழனாக்கும்” என்றார் சேட்டன்.

“டப்பா எடுத்தது மலையாளி” என்றார் மாமா.

அப்பாவுக்குப் பாலம். அம்மா, எந்த ஊரில் முருங்கைக்காய் கிடைக்கும் என்று மட்டும் கேட்டாள். நான் மணிக்கூண்டு ஊரை எடுத்துக்கொண்டேன். ஒற்றை அறை வீட்டில் யாருடைய முழங்கையாவது இடித்துக்கொண்டே வளர்ந்தவளுக்கு, ஆளில்லாத தெரு என்பதே பெரிய சொத்தாகத் தெரிந்தது. வழி தவறினால் யாரிடம் கேட்பது என்ற ஒரு கவலை மட்டும் வந்தது.

மாமா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “பாத்தியாட்டி, ஒந்தங்கச்சி ராணி மாதிரி ஊர் சுத்துதா. இதுல என்ன அவசியம் வந்து கெடக்கு? அடுத்த வருசம் பாக்கலாம்.”

அம்மா கொஞ்சம் தயங்கினாள். “சிரிக்கவே இல்லியே அண்ணே அவ.”

“மெசினுக்கு முன்னால யாரு சிரிப்பா?”

எல்லோரும் காப்பிக்கு எழுந்தார்கள். சேட்டன் என்னிடம், “மோளே, மறுபுறம் ஒன்னு கேட்டு நோக்கு. ரெக்கார்டினு ரண்டு பட்டனும் ஒன்னிச்சு அமுக்கணும், கேட்டோ?” என்றார்.

கேசட்டைத் திருப்பிப்போட்டு, சத்தத்தைக் குறைத்து, காதை வைத்தேன். வெறும் நாடாவாக இருக்கும் என்று நினைத்தால் உள்ளே சித்தி இருந்தாள்.

“சன்னல்கிட்ட இருக்கேன். ஒரு கார் போகுது. செவப்பு.” பிறகு வெகுநேரம் எதுவுமில்லை. ஏதோ இயந்திரம் ஓடும் இரைச்சல் மட்டும். “நாய்க்காரத் தாத்தா போறாரு. கை காட்டுதாரு. நானும் காட்டிட்டேன்.” மறுபடி இரைச்சல். “அக்கா, கேக்கியா?” கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விடுவதுபோல் நிறுத்தினாள். “கேக்கியாக்கா?”

வேகமாக ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் ஒரு கார், கொஞ்சம் இரைச்சல், அதே கேள்வி. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் “ஹலோ, ஹலோ” என்று மைக்கைத் தட்டிப் பார்ப்பாரே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இயந்திரம் சரியாகப் பதிகிறதா என்று பார்த்திருக்கிறாள், நிறுத்த மறந்துபோய்விட்டாள். மாமாவுக்குத் தெரிந்தால் கேலி பேசுவார். சித்தியின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன்.

“என்னட்டி, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லியே?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா” என்றேன். முதலிலிருந்து ஓடும்படி நாடாவைச் சுற்றிவைத்தேன்.

இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். மாமா பேசினார், அப்பா பேசினார். அம்மா கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீ சந்தோசமா இருக்கன்னு கேட்டதுல மனசு நெறஞ்சு போச்சுட்டி. இப்ப வரணும்னு அவசரப்படாத. அடுத்த வருசம் பாப்போம்” என்றாள். எனக்கு மணிக்கூண்டு ஊரைக் காட்ட வேண்டும் என்று நானும் ஒரு வரி சொன்னேன். எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். நாடா சிக்கவில்லை, கரண்ட் போகவில்லை. ஏழு மணிக்குக் கேசட் கைமாறியபோது அன்றைய கவலைகளில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

அதன்பிறகு சித்தி கேசட் அனுப்பவில்லை. நான்கு வரியில் கடிதம் வரும், எல்லோரும் சௌக்கியமா என்று. ஊருக்கு வர வேண்டும் என்று அதில் இருக்காது.

அந்தப் பக்கம் அரைமணி நேரம் ஓடும். நாங்கள் பேசியது அதில் பாதிகூட இல்லை. எங்கள் குரல்கள் நின்ற இடத்திலிருந்து மிச்சமிருந்ததெல்லாம் அவளுடையது. அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டிருப்பாள். அம்மா, அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லி முடித்ததும் சித்தியின் குரலே அவளிடம் வந்து என்ன கேட்டிருக்கும் என்று பத்து வயதில் எனக்குத் தோன்றவில்லை.