காதண்ணன் சேமித்த முப்பத்தெட்டுப் பாட்டு

எங்கள் லிஃப்ட் சர்வீஸ் ஆபீஸில் அவரைக் காதண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் செய்தாலும், எதையும் கழற்றுவதற்கு முன்னால் மோட்டார் ரூம் கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். "பேரிங் போயிடுச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். சரிசெய்த பிறகும் மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். புகார் போனை எடுக்கிற வேலை என்னுடையது. "இன்னும் முடியலையா அண்ணே?" என்று அவரிடம் நான் கத்தாத நாள் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர் கோட்டைவிட்ட கதை இது. அதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை.

அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அண்ணிக்குப் பாட்டுப் பைத்தியம். வீட்டிலிருந்தே பாடி ஏற்றுகிற இணையதளம் ஒன்று இருந்தது. பின்னணி இசையை அவர்களே தருவார்கள், நாம் பாடினால் போதும். அண்ணி அதில் 'அடுப்படி' என்று பெயர் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டுப் பாட்டு பாடியிருந்தார். பெரிதாக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டின புருஷனே கேட்டதில்லை. "வீட்டுக்குள்ளதானே நாள் பூரா பாடுறே, இதுல வேற தனியா கேக்கணுமா?" என்பாராம். இப்போது வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்தப் பாட்டுகள்தான் அண்ணனுக்கு எல்லாம். டிவி போடுவதில்லை. பாதி நாள் அடுப்புப் பற்றவைப்பதும் இல்லை.

மாசக் கடைசியோடு அந்தத் தளத்தை மூடப்போவதாக ஒரு நாள் அறிவிப்பு வந்தது. அதில் பாட்டைக் கேட்கலாமே தவிர, நம் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ள வழி கிடையாது. கெஞ்சி இரண்டு மெயில் அனுப்பினார். கிணற்றில் போட்ட கல்தான்.

"போட்டோ இருக்கு, அவ கண்ணாடி இருக்கு, செருப்புகூட அப்படியே கிடக்கு. குரல் மட்டும் இது ஒண்ணுலதான்மா இருக்கு" என்றார்.

"போன்ல பேசினது, வீடியோ, ஒண்ணுகூடவா இல்ல?"

"எடுக்கணும்னு தோணலையே. எதிர்லயே இருந்தா."

தூர தேசத்தில் இருக்கும் மகளும் அம்மா குரல் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

நான் பெரிய மேதாவி மாதிரி களத்தில் இறங்கினேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பாட்டை ஓடவிட்டு, கூடவே ரெக்கார்டரை அமுக்கி, அரை நிமிஷம் பதிந்து போட்டுக் காட்டினேன். கணீரென்று வந்தது. "இவ்வளவுதான் அண்ணே. ஒவ்வொண்ணா ஓடவிட்டுப் பதிஞ்சுக்குங்க."

"சத்தமா வெச்சா கீழ்வீட்டம்மா சண்டைக்கு வந்துடுமே?"

என் மேஜை டிராயரில் சும்மா கிடந்த ஹெட்போனை எடுத்து நீட்டினேன். "இத மாட்டிக்குங்க. ஈ காக்காக்குக்கூடக் கேக்காது."

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும் வராததுமாக என்னிடம் கணக்கு ஒப்பிப்பார். "நேத்து மூணு முடிஞ்சுதும்மா." "நேத்து நாலு." முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது. பதிந்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்களா என்று ஒரே ஒரு நாள் கேட்டேன்.

"பதியும்போதே காதுல நல்லாக் கேக்குதே. மறுபடி போட்டேன்னா அதுலயே உக்காந்துடுவேன்மா, அடுத்ததுக்குப் போக மாட்டேன். எல்லாம் முடியட்டும்."

நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையில் நாலு போடு போட வேண்டும்.

முப்பத்தெட்டும் முடிந்தது. எல்லாவற்றையும் மகளுக்கு அனுப்பினார். மறுநாள் தளத்தை மூடிவிட்டார்கள். அதற்கும் மறுநாள் மத்தியானம், ஆபீஸில் இருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் அவர் போனை என் மேஜையில் வைத்து, முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"கேட்டியாம்மா? குரல் தெளிவா இருக்கா?"

"அப்பா, நீங்க அதைப் போட்டுப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல. இன்னிக்கு வீட்டுக்குப் போய்த்தான் ஒவ்வொண்ணா..."

"அம்மா அதுல இல்லப்பா."

"எதுல?"

"எதுலயுமே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ரெக்கார்டர் மைக்கில் விழுகிற சத்தத்தைத்தான் பிடிக்கும். ஆபீஸில் ஸ்பீக்கர் பாடியது, மைக் பிடித்துக்கொண்டது. அவர் வீட்டில் அண்ணி ஹெட்போனுக்குள் பாடியிருக்கிறார். மைக்குக்குக் கிடைத்தது அந்த அறையும் அண்ணனும்தான். அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நீங்கதான்ப்பா இருக்கீங்க" என்றாள் மகள். "நாற்காலி கிறீச்சிடுது. நீங்க கூடவே முனகுறீங்க. சிலதுல ஒண்ணுமே இல்ல, மூச்சு மட்டும். பதினேழாவதுல 'டீ போடவா?'ன்னு கேக்குறீங்க. கேட்டுட்டு... ரொம்ப நேரம் அழுறீங்கப்பா."

அவர் கிரீஸ் கைகள் இரண்டையும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். நான் துணியை நீட்டினேன், வாங்கவில்லை.

"முப்பத்தெட்டையும் கேட்டேன்" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்றீங்க. புதன்கிழமை கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்றீங்க. நானும் நம்பிட்டேன். உண்மையச் சொல்லுங்கப்பா, நல்லாவா இருக்கீங்க?"

காதண்ணன் போனை நோக்கிக் குனிந்தார்.

"இல்லம்மா" என்றார். "அவ குரலும் போயிடுச்சு."