முதுகில் ஒரு பெருக்கல் குறி

"மூச்சை இழுங்க... போதும், அப்படியே பிடிங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு அவரும் மூச்சை அடக்கிக்கொள்வார். ஒரு நாளைக்கு முப்பது பேர் என்றால் முப்பது பேரோடும். ஸ்கேன் அறையில் டெக்னீஷியனாக இருக்கும் அவருக்கு மூச்சு சார் என்று பெயர் வைத்தது நர்ஸான நான்தான். காதில் விழுந்தும் கோபித்துக்கொண்டதில்லை. "எங்க அக்கா கூப்பிடறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்பார். அவருக்கென்று வீட்டில் இருக்கிற ஒரே ஆள் அந்த அக்காதான்.

நுரையீரலில் பட்டாணி அளவு கட்டி என்றால், சிறு துளை வழியாக ஆபரேஷன் செய்கிற டாக்டரின் விரலுக்கு அது தட்டுப்படாது. அதனால் ஆபரேஷன் அன்று காலையில், ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பார்த்து, முனையில் கொக்கியுள்ள மெல்லிய கம்பியை அதில் மாட்டி அனுப்புவோம். மூச்சுக்கு மூச்சு கட்டி இடம் மாறும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இழுத்துப் பிடித்தால்தான் கம்பி போய்ச் சேரும். மூச்சு சார் முதல் நாளே வார்டுக்குப் போய் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிடுவார். "ரொம்ப இழுக்காதீங்க, மெடலா குடுக்கப் போறாங்க?"

கம்பி போடுகிற எங்கள் டாக்டர் தமக்கு வேண்டிய படத்தோடு நிறுத்திக்கொள்வார். இவர் மட்டும் மேலிருந்து கீழ்வரை எல்லாப் படத்தையும் உருட்டிப் பார்க்காமல் விடமாட்டார். நேரமாகிறதே என்று நான் பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

போன வாரம் எங்கள் மேஜையில் குப்புறப் படுத்தது அவருடைய அக்கா. வேறு ஆள் பார்க்கட்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, "என் குரல் கேட்டாதான் சார் அவ சரியா பிடிப்பா" என்று மறுத்துவிட்டார்.

பல்லில் பச்சைத்தண்ணீர் படாமல் வந்திருந்தும் அக்காவின் வாய் ஓயவில்லை. "பொறந்ததுலேர்ந்து நீ என் பேச்சைக் கேட்டதில்ல. இப்ப உன் பேச்சைக் கேட்டு நான் மூச்சு விடணுமாடா? தலையெழுத்து." எல்லோரும் சிரித்தோம்.

ஸ்கேன் முடிந்தது. டாக்டர் இடத்தைச் சொல்ல, இவர் உள்ளே போய் அக்காவின் முதுகில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். இவர் உட்கார்ந்து படங்களை உருட்டினார். கை நின்றது. மறுபடி உருட்டினார்.

"சார், அந்தப் பக்கமும் இருக்கு."

டாக்டர் வந்து கட்டிகளை எண்ணினார். ஏழுக்கு மேல் எண்ணவில்லை. ஆறு வாரத்துக்கு முந்தைய படத்தில் ஒன்றுதான் இருந்தது. இனி வெட்டி எடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

எனக்கு மூச்சு சார் மேல்தான் ஆத்திரம் வந்தது. இன்று ஒரு நாள் அந்தப் படங்களை உருட்டாமல் இருந்திருந்தால் என்ன? அப்படியாவது அக்கா இன்னும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருப்பாரே. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"வீணா அவ உடம்பைக் கிழிக்கணுமா சிஸ்டர்?"

ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது. "கம்பி போட்டாச்சாடா? வலிக்கவே இல்லையே."

அவர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதுகிலிருந்த குறியைத் துடைத்தார். ஒரே தேய்ப்பில் மை போய்விட்டது. தோல் சிவந்த பிறகும் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.