துரைக்கும் காது இருந்தது

ஏழு வயதுவரை துரைக்கு முகம் உண்டென்பதே எனக்குத் தெரியாது. மலாயாவில், சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வந்தால் பாதையை விட்டிறங்கித் தலைகுனிந்து நிற்பது வழக்கம். நாங்கள் கண்டதெல்லாம் சப்பாத்தும் தொப்பியின் நிழலும்தான். சோறுண்ண அடம்பிடித்தால் லயத்து வரிசை வீடுகளில் அம்மாக்கள் துரையைத்தான் கூப்பிடுவார்கள். பேய்க்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

அம்மாவைவிட எனக்கு அத்தையைத்தான் பிடிக்கும். பாலெடுக்க ரப்பர் மரம் சீவப்போகும்போது கொசுவுக்காக முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருப்பாள். மாமாவை லாபிஸ் தோட்டத்துக்கு மாற்றிய பிறகு அவள் சிரிப்பதே குறைந்துவிட்டது.

ஒருநாள் அவளுக்குக் கோப்பி கொண்டுபோனேன். எதிரே துரையின் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. அவர் கால்வாயில் விழ, தொப்பி எங்கோ உருண்டது. அத்தை ஓடிப்போய் முகத்துணியை அவிழ்த்து நனைத்து, அவர் நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள். நான் வாய் பிளந்து நின்றேன். துரைக்கு வழுக்கை! எங்கள் சித்தப்பாவுக்கு இருப்பது போலவே விடைத்த காதுகள்! உதட்டைப் பிதுக்கி, அழாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல தொரெ, ஒண்ணுமில்ல" என்றாள் அத்தை, நான் விழுந்தால் சொல்வது போலவே. எனக்குப் பயம் போய் ஐயோ பாவமென்று ஆகிவிட்டது.

துரைமார் பேசும் அரைகுறைத் தமிழில் அவர், "நீ நல்ல பொம்பளே. என்னா வேணும்?" என்றார்.

"எம் புருஷன இங்கயே மாத்தி விடுங்க தொரெ."

"சரி. பெரட்டுக்கு வந்து சொல்லு."

பெரட்டு என்பது விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். துரை சில நாள் அங்கே வரவில்லை. அத்தை மாமாவின் பாயைக் கழுவி வெயிலில் போட்டாள். பாட்டுப் பாடினாள். அந்தச் சில நாட்கள் இன்றும் எனக்கு இனிக்கின்றன.

துரை வந்த அன்று அத்தை முகத்துணி கட்டவில்லை. எண்ணெய் வைத்துத் தலைவாரி, என் கையைப் பிடித்து முன்வரிசையில் நிமிர்ந்து நின்றாள். மரங்களைப் பார்ப்பது போல ஆட்களைப் பார்த்துக்கொண்டு வந்த துரை எங்கள் முன்னால் நின்றார். அத்தை சிரித்தாள்.

அவர் கங்காணியிடம் திரும்பி, "இது யாரு? புது ஆளா?" என்றார்.

"பழைய ஆளுதாங்க தொரெ."

துரை நகர்ந்துவிட்டார்.

திரும்பும்போது கேட்டேன். "ஏன் அத்தை, மாமாவப் பத்திக் கேக்கல?"

"தொரைக்கு நெத்தி நல்லா ஆறிப்போச்சுடி" என்றாள்.

நல்ல செய்திதானே, அதற்கு ஏன் இவள் அழுகிறாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.