பிடிக்காததைச் சொல்லும் பரீட்சை

விடுதியின் சலவை அறையில் இஸ்திரி போடுகிறவளுக்கு வரவேற்பு மேசை வேலைக்கு மாற வேண்டுமென்று ஆசை. அதற்கு ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு உண்டு. பயிற்சிப் புத்தகத்தின்படி லைக், ஹேட் என்றால் அடுத்து வரும் வினைச்சொல்லுக்கு ‘இங்’ என்று ஒரு வால் ஒட்ட வேண்டும். சமையலறையில் கணவன் பரீட்சை அதிகாரியானான்.

“ஐ லைக் குக்கிங்” சரளமாக வந்தது. புத்தகத்திலிருந்த “ஐ ஹேட் அயர்னிங்” தொண்டையிலேயே நின்றது.

“சோறு போடற வேலைங்க. வெறுக்கறேன்னு எப்படிச் சொல்வேன்?”

“பரீட்சைக்குத்தானே, தாயே!”

“பொய்னா எனக்கு நாக்கு குழறுதே.”

“அப்ப நிஜமாவே பிடிக்காதது எதுவோ அதச் சொல்லித் தொலை.”

அவள் யோசிக்கவே இல்லை. “ஐ ஹேட் ஹியரிங் ஹிஸ் ஸ்னோரிங்.”

“அடிப்பாவி! என் குறட்டையா?”

மறுநாள் தேர்வறையில் மேலாளர் அம்மாளிடம் அதையே தடுமாறாமல் சொன்னாள். அந்த நேரம் பார்த்து, துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனின் குறட்டை கதவைத் தாண்டி வந்தது. மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெளியே வந்தவள் அவனை உடனே எழுப்பவில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தோளைத் தட்டினாள்.

“எந்திரிங்க. வேலை கெடச்சிருச்சு.”

“நான் எங்க தூங்கினேன்?” என்றான் அவன்.