அறுபத்து மூன்று பழைய புரோகிராம்களும் ஒரு புது மொழியும்

புரோகிராம் எழுதுவது உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. அதனால்தானோ என்னவோ, எட்டிப் பார்க்கிற எல்லோரும் அதை வேறு மாதிரி செய்யச் சொல்கிறார்கள். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்லப் போவது புதிதாக இருக்காது. உங்களுக்கும் நடந்திருக்கும். நீங்கள் எண்ணி வைத்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

சந்தனப் பொட்டு

பூஜை போட்ட அன்று கணபதிப் பகுதியில் எங்கள் ஆபீசில் இருந்தவர்கள்: முதலாளி, அவர் மனைவி, புதுக் கம்ப்யூட்டர் மொழி படித்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்திருந்த சுமதி, மெஷின் ரிப்பேர் பார்க்கும் ரஃபீக், போன் எடுக்கும் மல்லிகா, பூசாரி, நான். ஏழு பேர். பக்கத்து லேத் பட்டறையிலிருந்து சுண்டலுக்கு வந்த இருவரைச் சேர்க்கவில்லை.

நான் படித்தது பத்தாவது. மில்லில் டைம் ஆபீசில் இருந்தேன். மில் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதன் முன்னால் உட்கார ஆளில்லாமல் என்னை உட்கார வைத்தார்கள். அங்கே கற்ற சி மொழியை வைத்துத்தான் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். தறிக்கூடம், மண்டி, பம்பு பட்டறை என்று பலருக்கும் எழுதிக் கொடுத்தவை மொத்தம் அறுபத்து மூன்று புரோகிராம்கள். தொண்ணூறுகளின் நடுவில் அதற்கு அடுத்த மொழி, சி பிளஸ் பிளஸ், எங்கள் ஆபீசுக்கும் வந்தது. முதலாளி கற்பூரத்துக்கு முன்னால் நின்று அறிவித்தார்: "இன்னிக்கிருந்து பழசுல ஒண்ணும் புதுசா எழுத வேண்டாமுங்க. சுமதி அம்மணி ஒவ்வொண்ணா மாத்தட்டும். அறுபத்து மூணும் முடிஞ்ச அன்னிக்கு, அண்ணா, உங்களுக்கும் ஓய்வு குடுத்தர்லாம்." பரிசு கொடுப்பது போலத்தான் சொன்னார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. கடைசிப் பெண் காலேஜில் முதல் வருடம். பழைய மொழி மட்டும் தெரிந்தவனுக்கு வேறு எங்கே வேலை? பழைய மொழியில் மிச்சம் இருப்பவற்றின் கணக்காக ஒரு தாளில் 63 என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

புது மொழி பதினான்கு பிளாப்பிகளாக ஓர் அட்டைப் பெட்டிக்குள் வந்திருந்தது. பெட்டிக்குப் பொட்டு வைத்தால் போதும் என்று நினைத்தோம். ஆயுத பூஜைக்கு ஸ்பேனர்கூடத் தனிப் பொட்டு வாங்குகிற ஊர் இது. பூசாரி பெட்டியைப் பிரித்து, பதினான்குக்கும் வரிசையாகச் சந்தனம் வைத்தார். மூன்றாவதில் பொட்டு தகட்டு மூடியின் இடுக்கில் விழுந்து உள்ளே போய்விட்டது. ரஃபீக் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பார்த்தார். மெஷினும் சேர்ந்து மணத்ததே தவிர, பிளாப்பி படிக்கவில்லை. பெங்களூரிலிருந்து வேறு வரப் பதினொரு நாள் ஆனது. அதுவரை பழைய மொழியில்தான் வேலை நடந்தது. முதலாளி வருத்தப்பட்டபோது பூசாரி சொன்னார்: "பதினாலுல ஒண்ணுக்குத்தானுங்க இப்படி ஆச்சு. மிச்சம் பதிமூணும் நல்லாத்தானுங்க இருக்குது?"

தறிக்கூடத்தில் மரியாதை

முதலில் மாற்றியது சூலூர் தறிக்கூடத்தின் இரண்டு புரோகிராம்களை. தாளில் 61 ஆயிற்று. ஒவ்வொரு தறியிலும் எத்தனை மீட்டர் ஓடியது என்று சூப்பர்வைசர் தட்டுவார், அவ்வளவுதான் வேலை. நான்காம் நாள் போன் வந்தது. சூப்பர்வைசர் கம்ப்யூட்டரின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டுப் பழையபடி நோட்டில் எழுதுகிறாராம்.

நானும் சுமதியும் பஸ் ஏறிப் போனோம். அவர் மூடிய துணியை எடுக்கவே இல்லை. "தப்பாப் போட்டது நான்தானுங்க, ஒத்துக்கறேன். அதுக்காக மொகத்துக்கு நேரா 'ராங்'குனு சொல்றதா? எங்கூட்டுலகூட எங்கிட்ட இப்படி யாரும் பேசறதில்லீங்க" என்றார். பழைய புரோகிராமில் நான் ஆங்கில எழுத்தில் "கொஞ்சம் தப்பாயிருச்சுங்க, இன்னொருக்கா போடுங்க" என்று வைத்திருந்தேன். அப்படி மொத்தம் நாற்பத்தொரு வாசகம். சுமதி தானே எழுதிப் பார்த்தார். "தவறு. மீண்டும் பதிவு செய்க" என்று வந்தது. கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருந்தது. "ஐயா, எனக்கு இது வராது. உங்களோடதையே எடுத்துக்கறேன்" என்றார். என்னுடையது பழைய மொழி. அவருடையது புதிய மொழி. இரண்டும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். மாட்டுச் சந்தையில் இரண்டு பக்கமும் பேசி முடிக்கிறவர் பெயரையே அதற்கும் வைத்தோம்: தரகர். பழையதற்குப் பழையதுதான் புரியும் என்பதால் அந்தத் தரகரை எழுதியது பழைய மொழியில். தாளில் 62.

சூப்பர்வைசர் வேண்டுமென்றே ஒரு தறிக்கு ஒன்பதாயிரம் மீட்டர் போட்டுப் பார்த்தார். திரை பணிவாகக் கேட்டது. அவர் முகம் தெளிந்தது. "இப்பச் சரிங்க. இனி எத்தன தப்பு வேணும்னாலும் போடலாமுங்க."

பெரிய மாமா

பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை மண்டி. லாரியை எடை போடும் மேடைக்கு நான் எழுதியதைச் சுமதி படித்துக்கொண்டிருந்தார். "ஐயா, எல்லா லோடுலயும் அறுபத்திரண்டு கிலோ கழிக்கிறீங்களே, இது சாக்கு எடையா?"

"மாமா எடை" என்றேன்.

மண்டிக்காரரின் தாய்மாமா அவர். லோடு லாரி வந்தால் குடையோடு எடை மேடையின் ஓரத்தில் ஏறி நின்று டிரைவருக்கு வழி சொல்வார். எடை எடுத்து முடியும்வரை இறங்க மாட்டார். அதே லாரி காலியாகத் திரும்பி மறுபடி எடை போடும்போது டீக்கடையில் இருப்பார். இரண்டு முறையும் நின்றிருந்தால் கழிந்துபோகும். ஒரு முறை மட்டும் நிற்பதால் ஒவ்வொரு லோடிலும் கொப்பரை அறுபத்திரண்டு கிலோ கூடிவந்தது. தாய்மாமாவை இறங்கச் சொல்ல மண்டியில் யாருக்கும் வாய் வரவில்லை. புரோகிராமில் கழிப்பது சுலபமாக இருந்தது.

புது மொழியில் எதையும் ஒரு தனிப் பொருளாக எழுதி, அதன் குணங்களை அதனிடமே கொடுத்துவிடலாம். சுமதி மாமாவை எழுதினார்: எடை தனி, குடை தனி, மேடையில் இருக்கிறாரா இல்லையா என்பது தனி. எனக்கே பொறாமையாக இருந்தது. நேரில் போய்ச் சரிபார்த்தபோது மாமா எழுபத்தொரு கிலோ ஆகியிருந்தார். இனிப் பிரச்சினை இல்லை, தினமும் அவர் எடையைத் தட்டினால் போதும் என்று சுமதி விளக்கினார். மண்டிக்காரர் யோசித்தார். "அப்பத் தெனமும் காலைல மாமாவத் தராசுல ஏத்தோணுமுங்களா? அதுக்கு மேடைய விட்டு எறங்குங்கன்னே சொல்லிப்போடலாமுங்களே." பிறகு குரலைத் தாழ்த்தினார்: "ஆனா அத நீங்க சொல்லிப்போடுங்க அம்மணி."

எழுபத்தொன்று என்று தட்டிவிட்டு வந்தோம். எடைப் புரோகிராம் மாறியதால் தாளில் ஒன்று குறைந்தது. ஆனால் அந்த மண்டியின் பழைய இருப்புப் புரோகிராமுக்குப் புது மாமாவை அடையாளம் தெரியவில்லை. அதற்கு ஒரு தரகர். மறுபடி 62.

சனிக்கிழமை

ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலாளி அந்தத் தாளுக்கு முன்னால் வந்து நிற்பார். அடுத்த ஆறு மாதத்தில் ஒன்பது புரோகிராம்கள் மாறின. பதினாறு தரகர்கள் பிறந்தார்கள். தாளில் 69.

"அண்ணா, நான் தப்பா நெனைக்கலீங்க" என்று தொடங்கினார் முதலாளி. தப்பாக நினைத்துவிட்டார் என்று அப்போதே தெரிந்தது. "கொறையோணும்னு சொன்னது ஏறிக்கிட்டே போகுதுங்களே. உங்க வேலைக்காக..." எனக்குக் காது சூடானது. சுமதி நாற்காலியைத் திருப்பினார். "சார், பதினாறுல பதினொண்ணு நான் எழுதினது. ஐயா எழுதினது அஞ்சுதான்."

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாரம் கணபதியிலேயே ஒரு பம்பு பட்டறைக்காரர் புதுப் புரோகிராமைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்றைக்குப் புதியது தனியாக நின்று காட்டினால், முதல் தேதியிலிருந்து எனக்கு ஓய்வு என்று முடிவாகச் சொன்னார். போகும்போது சுமதியிடம் ஒரு கேள்வி: "பழசு எழுதறதுக்கா அம்மணி உங்களத் திருநெல்வேலில இருந்து கூட்டியாந்தேன்?"

வேலை செய்த ஒரு பட்டன்

பம்பு பட்டறைக்காரர் வந்தார். காபி குடித்தார். "எங்களுக்குப் பழசு வேண்டாமுங்க. முழுக்கப் புதுசுதானே?" என்று கேட்டார். முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. எல்லாம் புதுசு, இதோ பாருங்கள் என்று, பழைய புரோகிராம்கள் இருந்த பகுதியை அவர் கண் முன்னாலேயே மொத்தமாக அழித்தார். நான் பின்னாலிருந்து "அதுலதானுங்க..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுமதி அப்போது மவுஸ் ஒயரைச் சரிசெய்ய மேஜைக்கு அடியில் இருந்தார்.

நீல நிறத்தில் திரை வந்தது. பதினொரு பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் படம். முதலாளி இருப்பு என்ற பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. உதிரி பாகத்தை அமுக்கினார். நடக்கவில்லை. பத்துப் பட்டன்களும் பழைய புரோகிராம்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. பதினொன்றாவது 'மூடு'. அது சட்டென்று மூடியது. பட்டறைக்காரர் மவுஸை வாங்கி, தானே மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார். "இந்த ஒண்ணு அருமையா வேல செய்யுதுங்க. மீதிப் பத்தும் இதே மாதிரி வந்துருச்சுன்னா எடுத்துக்கலாமுங்க."

முதலாளியின் நெற்றியில் வியர்வை. நான் என் மேஜை டிராயரைத் திறந்து ஐந்து பிளாப்பிகளை எடுத்தேன். வாரா வாரம் நகல் எடுத்து வைப்பேன். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் அறுபத்தொன்பதும் திரும்ப ஏறின. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். பதினொரு பட்டன்களும் வேலை செய்தன. பட்டறைக்காரர் அங்கேயே ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டு, "புதுசுன்னா புதுசுதானுங்க" என்று சொல்லிப் போனார்.

அவர் வண்டி கிளம்பியதும் முதலாளி அந்த ஐந்து பிளாப்பிகளையும் கையில் எடுத்து எண்ணினார். முதல் தேதியைப் பற்றி நானும் கேட்கவில்லை. பிறகு, பழைய புரோகிராம்களை யாரும், தானே வந்தாலும், அழிக்க முடியாதபடி காவலுக்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். எந்த மொழியில் என்று கேட்டேன். சுமதியும் திரும்பிப் பார்த்தார். முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எது போனாலும் எது நிக்குமோ, அதுலயே எழுதிப்போடுங்கண்ணா."

பழையது ஒன்றும் இல்லாமல் ஆகிற அன்று எனக்கு ஓய்வு என்பதுதான் ஏற்பாடு; பட்டறைக்காரர் வந்துபோன சாயங்காலம் காவலையும் சேர்த்துத் தாளில் எழுதிவிட்டு வந்தது எழுபது.