அம்மா நேர்ந்துகொண்ட என் முடி

என் தலைமுடியை என்னைக் கேட்காமலே முருகனுக்குக் கொடுத்துவிட்டாள் என் அம்மா. எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. வடக்கு நார்வேயில் ஒரு துறைமுக ஊரில், கடல் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முடி என் தலையில் இருந்தது. அது யாருடையது என்ற பஞ்சாயத்து மட்டும் திருத்தணியில் நடந்தது, ஆறு வருஷம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊரில் அதை ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. மீனின் தலைக்குள் காதுப் பக்கம் ஒரு சின்னக் கல் இருக்கும். பெரிய மீன் என்றால் மொச்சைக்கொட்டை அளவு. அதைக் குறுக்கே அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வளையங்கள் தெரியும். ஒரு வளையம் ஒரு வருஷம். காலை எட்டு மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரை நான் எண்ணுவது அந்த வளையங்களைத்தான். எந்த வயது மீன் கடலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்லமுடியும். இதை ஒருமுறை கல்யாணப் பந்தியில் விளக்கினேன். அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, இலையிலிருந்து தலையைத் தூக்கி, "மீனுக்கு வயசு பாத்து இன்னா பண்ணுவ, கல்யாணம் கட்டி வெப்பியா?" என்று கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் தலையில் சாம்பார் வாளியைக் கவிழ்க்கலாமா என்று தோன்றியது. பரிமாறுகிறவர் தள்ளி நின்றார்.

அம்மா என்னை மீன் டாக்டர் என்றே அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். ஆனால் கிருத்திகை விரதக்காரி. நான் விமானநிலையத்திலிருந்து வந்து இறங்கினால் வாசலிலேயே நிறுத்தி, "மீன தொட்டுகினு வந்தவ, மொதல்ல தலைக்கு ஊத்திக்கோ" என்பாள். இருபத்துநாலு மணிநேரப் பயணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைக்கும் முதல் வரவேற்பு அது. பிறகுதான் காப்பி.

நார்வேயில் என்னை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. சனிக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்துப் பெண்கள் மூன்று பேரோடு கடலில் நீந்தப் போவேன். மரத்தளத்திலிருந்து ஏணியில் இறங்கவேண்டும். தண்ணீர் ஆளைக் கொல்லும் குளிர். முதல் நிமிஷம் மூச்சே வராது, அடுத்த நிமிஷம் உலகத்தில் எதைப் பற்றியும் கவலை வராது. நாலாவது நிமிஷம் வெளியே வந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் பாறைகளுக்கு நடுவே வாளியோடு போய்க் கடற்பாசி பொறுக்குவேன். வீட்டுக்கு வந்து அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, பாசியை மிதக்கவிட்டு, அதன் அடியில் கெட்டிக் காகிதத்தை நுழைத்து, ஊசியால் ஒவ்வொரு கிளையாகப் பிரித்துவிட்டு மெல்லத் தூக்கவேண்டும். மேலே துணி, அதன் மேலே பழைய செய்தித்தாள், அதன் மேலே பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டை. இரண்டு வாரத்தில் பாசி காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் பாசிகளின் நிறம் எந்தப் பட்டுச்சேலையிலும் நான் பார்க்காதது. இது எதற்கும் உபயோகமில்லாத வேலை. அதனால்தான் எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் முடி. இடுப்பு வரை இருந்தது. கடலில் நனைந்தால் காய்வதற்கு அரை நாள். வெட்டிவிடு என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். நான் தேங்காயெண்ணெய் பாட்டிலை ஹீட்டர் மேல் வைத்து உருக்கி, தேய்த்து, சிக்கெடுத்துப் பின்னிக்கொள்வேன். அதற்கு முக்கால் மணிநேரம் ஆகும். அந்த முக்கால் மணிநேரம் ஒருவரோடும் பேசவேண்டியதில்லை. அதற்காகவே வளர்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஆர்.கே.பேட்டையில் ஒரு குடும்பத்தாரிடம், நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறேன் என்று அம்மா சொல்லி, பெண் பார்க்க நாளும் குறித்துவிட்டாள். அதன் பிறகு எனக்குப் போன் செய்தாள். "டிக்கெட் போட்டுடு பாப்பா, வெள்ளிக்கெழம நல்ல நாளு." நான் கத்தினேன். அந்தப் பக்கம் அவளும் கத்தினாள். "இனிமே உன்கூட பேச்சே கெடையாது" என்று சொல்லிப் போனை அணைத்து மேஜை இழுப்பறையில் போட்டேன்.

ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. எனக்கு விடுப்பு பாக்கி இருந்தது, எடுத்துக்கொண்டேன். நீந்தினேன், பாசி ஒட்டினேன், தயிர்சாதம் தின்றுவிட்டுப் பட்டப்பகலில் தூங்கினேன். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த ஒன்பது நாள் அவை. பத்தாம் நாள் போனை எடுத்துப் பார்த்தால் அண்ணனிடமிருந்து வரிசையாகத் தகவல்கள். கடைசித் தகவலில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. வருஷத்துக்கு இரண்டு முறை ஆய்வுக்கப்பலில் போகிறவள்தானே, வீட்டுக்குப் போன் போட்டு, "கப்பல்ல இருந்தேன், சிக்னல் இல்ல" என்றேன். அண்ணன் நம்பினான். அம்மா போனை வாங்கி, "சாப்டியா?" என்றாள். அவ்வளவுதான். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம்தான் அண்ணன் சொன்னான். "நீ போன் எடுக்காதப்ப அம்மா உன் முடிய மலைக்கு நேர்ந்துகினு கீது. மொட்ட. வந்தா குடுத்துட்டு போ."

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். ஒருவர் தலையை இன்னொருவர் நேர்ந்துகொள்ளலாம். மாமியார் மருமகள் தலையை நேர்ந்துகொள்வாள், பிறக்காத பிள்ளையின் தலையைக்கூட நேர்ந்துகொள்வார்கள். தலைக்குச் சொந்தக்காரரைக் கேட்கும் வழக்கம் கிடையாது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ஏன், உன் முடிய குடுக்கறது?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"என்னுது ஏது?" என்றாள் அம்மா. "உங்கண்ணனுக்கு அரக்கோணத்துல ரெயில்வே வேல கெடச்சதுன்னு ரெண்டு மாசம் முன்னாடிதான குடுத்தேன். விரல்கட கூட வளரல. இருந்தா உன்னுத ஏன் கேக்கப் போறேன்?"

நான் தட்டிக்கழித்தேன். ஆறு வருஷத்தில் மூன்று முறை ஊருக்கு வந்தேன். ஒருமுறை சளி, ஒருமுறை கருத்தரங்கில் பேசவேண்டும், ஒருமுறை காரணமே சொல்லாமல் மலைப்பக்கம் போகாமல் இருந்துவிட்டேன். அந்த ஒவ்வொரு தடவையும் அம்மா என் பின்னலைப் பார்ப்பாள், பேசமாட்டாள். வீட்டில் குழாய் உடைந்தாலும் மாடு சினை பிடிக்காவிட்டாலும் அந்தப் பார்வை என் பின்னலில் வந்து நிற்கும். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பிறகு அவளுக்குப் பித்தப்பையில் கல் வந்தது. வலி வந்தால் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாளாம். ஒருமுறை காய்ச்சலும் வந்து, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்தாள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து, உடனே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அம்மா மாட்டேன் என்றாள். "நேர்ந்துகினத முடிக்காம கத்தி வெச்சா நான் பொழைக்க மாட்டேன்." அண்ணன் போனில் அழாத குறை. "நீ வந்து தலைய குடு, இல்ல அம்மாவ விட்டுடு. ரெண்டுல ஒன்னு சொல்லு."

அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? விமானத்தில் வரும்போதே முடிவு செய்துகொண்டேன், உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று. கப்பலில் மாட்டிக்கொண்ட மகள் உயிரோடு திரும்பவேண்டும் என்றுதான் அம்மா வேண்டியிருப்பாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கப்பலே இல்லை என்றால் வேண்டுதலும் இல்லை. என் தொழிலில் அப்படித்தான், அளவு தப்பென்றால் முடிவையும் தூக்கிப் போட்டுவிடுவோம். இதைச் சொன்னால் அம்மாவுக்கு வலிக்கும் என்று தெரியும். வலிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

தலைக்கு ஊற்றிக்கொண்டு, காப்பி குடித்து, நேராகக் கூடத்துக்குப் போனேன். அம்மா டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. அண்ணன் வேலைக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தான்.

"நான் அப்ப கப்பல்ல இல்ல" என்றேன்.

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள். "எப்ப?"

"நீ நேர்ந்துகினப்ப. வீட்லதான் இருந்தேன். போன அணைச்சி வெச்சிட்டு."

"ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருந்தேன். ஒம்போது நாளும். நீச்சல் அடிச்சேன், பாசி ஒட்டினேன், தூங்கினேன்." ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னேன். "கப்பல்னு சொன்னது பொய். அதனால உன் வேண்டுதலும் செல்லாது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அண்ணன், "அடிப்பாவி" என்றான்.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள், கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல. "நான் மல ஏறினது நாலாவது நாளு" என்றாள். "நீ கப்பல்னு சொன்னது பத்தாவது நாளு. அதுக்கு முன்னாடி எனக்கு கப்பல பத்தி இன்னா தெரியும்? கப்பல் வரணும்னு நான் எதுக்கு வேண்டப் போறேன்?"

மீனின் காதுக்கல்லில் வருஷத்தை எண்ணுகிறவளுக்கு இந்த ஆறு நாளை எண்ணத் தெரியவில்லை. ஆறு வருஷமாக அது என் கண்முன்னேதான் இருந்திருக்கிறது.

"பின்ன எதுக்கு வேண்டின?"

"கோச்சிகினு போன புள்ள போன எடுக்கணும், என்கூட பேசணும்னு. வேற இன்னாத்துக்கு? பத்தாவது நாளு பேசினல்ல? அப்போ குடுக்கணுமா வேணாமா, நீயே சொல்லு."

டிவியில் யாரோ யாரையோ அறைந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் என் கோபம் கூடுமே தவிரக் குறையாது. "சரி, வா" என்றேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, மலையில் கூட்டம். அம்மாவால் படி ஏறமுடியாது என்பதால் ஆட்டோவில் மேலே போனோம். முடி இறக்கும் இடத்தில் அண்ணன் என் காதோடு, "பூமுடி குடுத்துடு, பொம்பளைங்க அதான் குடுக்கறாங்க. மூணு வெட்டு. நான் விசாரிச்சிட்டேன், சாமி ஏத்துக்கும்" என்றான். அம்மாவின் காதிலும் விழுந்தது. அவள் எங்களைப் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூன்று வெட்டோடு முடித்திருப்பேன்.

"மொட்ட" என்றேன் நாவிதரிடம்.

பக்தியெல்லாம் இல்லை. இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று அவள் முகத்தில் அடித்தாற்போலச் சொல்வதற்காகக் கொடுத்தேன். நாவிதர் பின்னலைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, இரண்டு முடிச்சாகக் கட்டி, உச்சியிலிருந்து கத்தியை இறக்கினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் முடிச்சு மடியில் விழுந்தபோது அதன் கனம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு பெண் வந்து அள்ளிக்கொண்டு போனாள். குளித்துவிட்டு வந்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள், கண் நிறைந்திருந்தது. பூசுவதற்காகக் கையைத் தலைக்குக் கொண்டுவந்தாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கிண்ணத்தைப் பிடுங்கி நானே பூசிக்கொண்டேன்.

"போதுமா?"

"ஆங்" என்றாள்.

அடுத்த வாரம் திருவள்ளூரில் ஆபரேஷன். அம்மா ஒரு மறுப்பும் சொல்லாமல் கிளம்பினாள். பச்சை அங்கி மாட்டி, சக்கரக்கட்டிலில் படுக்கவைத்து வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஸ்கேன் படத்தை என்னிடம் நீட்டி, "என் கல்லுல வயசு தெரியுதா பாரு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவைக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்ததாலேயே அடக்கிக்கொண்டேன்.

உள்ளே தள்ளிக்கொண்டு போக வந்த நர்ஸ் சின்னப் பெண். என் தலையைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணாம்மா? மொட்ட அடிச்சிகினு கீறாங்க, உங்க ஆபரேஷனுக்கு வேண்டுதலா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் அம்மா. "என்கூட பேசாம இருந்துச்சு. பேசணும்னு வேண்டிகினேன்."

"அய்ய, அதுக்கா? இப்ப பேசறாங்களா?"

அம்மா கட்டிலில் படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "அதோ நிக்குது, கேளு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். எல்லோரும் நான் ஏதாவது சொல்வதற்காக நின்றார்கள். அண்ணன்கூட.

"ம்" என்றேன்.

கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.